மாறும் உரைகளும் மாறாத நெறியும்: உணவு பற்றிய ஒரு சிந்தனை

பெறுதற்கரிய மானிடப் பிறவியில் இறைவனை வழிபடுவதற்குக் கிடைத்த கருவியே இந்த உடம்பு. அவ்வுடம்பைப் பேணுவதும் ஒருவகை வழிபாடே என்பது சைவப் பெரியோர் கொள்கை. உடம்பைப் பேணுவதில் முதலிடம் பெறுவது உணவு. ஆனால் எதை உண்பது, எதை விலக்குவது என்ற எளிய கேள்விக்கு உறுதியான விடை கிடைக்காமல் இன்றைய மனிதன் தடுமாறுகின்றான்.

கொழும்பு மாநகரிலும் அதன் அயலிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இத்தடுமாற்றம் நாள்தோறும் நிகழ்கின்றது. கிளினிக்கிற்குச் சென்று வந்த தாத்தா ஒன்றைச் சொல்கிறார். வெளிநாட்டிலுள்ள மகள் தொலைபேசியில் வேறொன்றைச் சொல்கிறாள். பத்திரிகை மூன்றாவதாக ஒன்றை எழுதுகிறது. "தேங்காய்ப்பால் நஞ்சு" என்றவர்களே "தேங்காய்ப்பால் அமுதம்" என்கிறார்கள். "முட்டையைத் தொடாதே" என்றது போய், "நாளுக்கொன்று நல்லது" என்றாகிவிட்டது. இவற்றைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன இல்லத்தரசி, "இவர்களுக்கே தெரியாது, இனி வாய்க்குப் பிடித்ததைச் சமைப்போம்" என்று சலித்துக்கொள்வதில் வியப்பில்லை.

அந்தச் சலிப்பு நியாயமானதா? அறிஞர் உரை மாறுவது அவர்கள் குற்றமா? மாறிக்கொண்டே இருக்கும் உரையை நம்பி ஒருவர் எப்படி வாழ்வது? உணவைப் பற்றிய கேள்வியாகத் தோன்றினாலும் இது உண்மையில் நம்பிக்கையைப் பற்றிய கேள்வியாகும்.

தேங்காயும் முட்டையும்

இலங்கையில் ஒருவர் ஆண்டொன்றுக்குச் சராசரியாக நூறு தேங்காய்களுக்கு மேல் பயன்படுத்துவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. சொதி, சம்பல், கறி, பிட்டு, மோதகம் என அனைத்திலும் தேங்காய் உண்டு. சந்நிதியில் உடைபடுவதும் அதுவே. அத்தகைய தேங்காய் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்ட வரலாறு நோக்கற்பாலது.

1913ஆம் ஆண்டில் ரஷ்ய அறிஞர் நிக்கொலாய் அனிச்கோவ், முயல்களுக்குக் கொலஸ்ட்ரோலை ஊட்டியபோது அவற்றின் இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவதைக் கண்டார். பின்னர் அமெரிக்க அறிஞர் அன்செல் கீஸ், நிறைந்த கொழுப்புக்கும் மாரடைப்புக்கும் தொடர்புண்டு என்று வாதிட்டு, 1958இல் ஏழு நாடுகளில் பெரும் ஆய்வொன்றைத் தொடங்கினார். 1961இல் அமெரிக்க இருதயச் சங்கம் நிறைந்த கொழுப்பைக் குறைத்துத் தாவர எண்ணெய்களை உபயோகிக்கும்படி அறிவுறுத்தியது. 1968இல் அச்சங்கம் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரோல் கூடாது என்றும், வாரத்திற்கு மூன்று முட்டை மஞ்சட்கருவே போதும் என்றும் வரையறுத்தது.

இதில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரோல் கொண்ட முட்டை மஞ்சட்கரு அகப்பட்டது. கொலஸ்ட்ரோலே இல்லாத தேங்காய் எண்ணெயும், அதன் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைந்த கொழுப்பு என்பதால் அகப்பட்டது. அமெரிக்காவில் எழுந்த இந்த உரை, வைத்தியர்களின் வாயிலாகவும் எண்ணெய் விளம்பரங்களின் வாயிலாகவும் கொழும்பின் அடுப்படி வரை வந்து சேர்ந்தது.

காலம் சென்றது. முயல் புல்லுண்ணும் உயிர். மனிதனின் ஈரலோ உடலுக்கு வேண்டிய கொலஸ்ட்ரோலின் பெரும்பகுதியைத் தானே செய்துகொள்கின்றது. உணவில் அது கூடினால் பெரும்பாலோரின் ஈரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கின்றது. இவை தெளிவானபின், 2015ஆம் ஆண்டுக்கான அமெரிக்க உணவு வழிகாட்டிக் குழு 300 மில்லிகிராம் என்ற எல்லையைக் கைவிட்டது. நாற்பத்தேழு ஆண்டுகள் மக்களை அச்சுறுத்திய எண் ஓசையின்றி மறைந்தது.

தேங்காயின் கதை இவ்வளவு எளிதாக முடியவில்லை. பசுபிக் சமுத்திரத்தின் புக்காபுக்கா, டோக்கெலாவ் தீவுகளின் மக்களைப் பற்றிய ஆய்வு 1981இல் வெளியானது. டோக்கெலாவ் மக்கள் தங்கள் உணவுச் சக்தியில் பாதிக்கு மேல் தேங்காயிலிருந்தே பெற்றார்கள். ஆயினும் இரத்தக்குழாய் நோய் அங்கு அரிதாகவே காணப்பட்டது. "பார்த்தீர்களா, தேங்காய் நல்லதே" என்று பலர் மகிழ்ந்தனர். ஆனால் 2017இல் அமெரிக்க இருதயச் சங்கம், தேங்காய் எண்ணெய் தீய கொலஸ்ட்ரோலைக் கூட்டுகின்றது என்று மீண்டும் எச்சரித்தது. இரண்டும் உண்மையே. தீவு மக்கள் தேங்காயோடு மீனும் கிழங்கும் உண்டு, உழைத்து வாழ்ந்தவர்கள். ஆலைகளில் செய்த உணவு அவர்களிடம் மிகக் குறைவு. தேங்காயைச் சம்பலாக உண்பது ஒன்று, தேங்காய் எண்ணெயில் பொரித்ததை நாள்தோறும் உண்டுவிட்டுக் கதிரையை விட்டு எழாமலிருப்பது வேறொன்று.

தவறிய இரு உரைகள்

முட்டை விடயத்தில் மக்கள் இழந்தது பெரிதல்ல. ஆனால் சில இடங்களில் தவறான உரை உண்மையான தீங்கையே விளைத்தது.

வெண்ணெய் கூடாது என்ற காலத்தில் அதன் இடத்தை மாஜரின் பிடித்தது. திரவமான தாவர எண்ணெயோடு ஐதரசனைச் சேர்த்துக் கட்டியாக்கும் முறையால் அது தயாரிக்கப்பட்டது. அம்முறையில் 'டிரான்ஸ் கொழுப்பு' என்ற புதுவகைக் கொழுப்பு உண்டாகியது. 1990இல் நெதர்லாந்து அறிஞர் இருவர், இக்கொழுப்பு தீய கொலஸ்ட்ரோலைக் கூட்டி நல்ல கொலஸ்ட்ரோலைக் குறைக்கின்றது என்று காட்டினர். 2018இல் உலக சுகாதார நிறுவனம், ஆலைகளில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்பை உலகின் உணவிலிருந்தே அகற்றும்படி அறைகூவல் விடுத்தது. இதயத்தைக் காக்க எண்ணிப் பாணில் மாஜரினைப் பூசியவர்கள், வெண்ணெயை விடக் கெட்டதையே பல ஆண்டுகள் உண்டிருந்தார்கள். இன்று கடைகளிலுள்ள மாஜரின்களுள் பல இம்முறையைக் கைவிட்டுவிட்டன என்பதும் சொல்லப்படவேண்டியதே.

மற்றையது கச்சானைப் பற்றியது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் கழகம், ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை கச்சான் கொடுக்கக்கூடாது என்றது. கேட்பதற்கு அது நியாயமாகவே தோன்றியது. ஆனால் ஒவ்வாமை குறையவில்லை. 2008இல் அவ்வறிவுரை திரும்பப் பெறப்பட்டது. அவ்வாண்டிலேயே, சிறு வயதிலேயே கச்சான் உண்ணும் இஸ்ரேலியக் குழந்தைகளைவிடப் பிரித்தானியாவில் வாழும் யூதக் குழந்தைகளுக்குக் கச்சான் ஒவ்வாமை ஏறத்தாழப் பத்து மடங்கு என்பதை ஓர் ஆய்வு காட்டியது. பின்னர் இலண்டனில் ஒவ்வாமை அபாயமுள்ள 640 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வெளியானது. வைத்தியரின் கண்காணிப்பில் ஒரு வயதுக்கு முன்பே கச்சானைப் பக்குவமாக உண்டு வந்த குழந்தைகளிடம் ஒவ்வாமை ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்திருந்தது. பாதுகாப்பு என்று சொல்லப்பட்டதே ஆபத்தாக இருந்தது.

உரைத்தவர் எவரும் தீய எண்ணங் கொண்டவரல்லர். ஆனால் உரையின் பயனை அனுபவித்தவை உரைத்தவரின் உடல்களல்ல, கேட்டவரின் குழந்தைகள். இல்லத்தரசியின் கோபத்தில் ஒரு நியாயம் உண்டு என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

காண்டல், கருதல், உரை

அறிவு எவ்வழியாக வருகின்றது என்பதைச் சைவ சித்தாந்த நூல்கள் நுணுகி ஆராய்ந்துள்ளன. அருணந்தி சிவாசாரியார் அருளிய சிவஞான சித்தியார், பொருளை ஆராயுமுன் அளவையையே முதலில் பேசுகின்றது. அளவைகள் பலவாயினும் அவை காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது முடிபு. நேரே கண்டறிவது காண்டல். கண்டதைக்கொண்டு காணாததை ஊகிப்பது கருதல். நம்பத்தக்கவர் வாக்கால் அறிவது உரை.

மலையிலே புகையைக் கண்டு அங்கே நெருப்புண்டு என்று அறிவது கருதலுக்குப் பெரியோர் காட்டும் உதாரணம். ஆனால் கண்டது புகையாக இருக்கவேண்டும். அதிகாலையில் களனி கங்கையின்மேல் எழும் பனிமூட்டத்தைப் பாலத்தில் நின்று பார்த்துப் புகையென்று மயங்கினால், ஊகம் எவ்வளவு சீராக இருந்தாலும் நெருப்பு அங்கே இராது.

பேலியகொடையிலேயே இதற்கு ஓர் உதாரணம் நிகழ்ந்தது. 2020 ஒக்டோபரில் இங்குள்ள மத்திய மீன் சந்தையில் கொவிட் தொற்றுப் பரவியது. "மீன் சந்தையில் நோய் வந்தது, ஆகவே மீனில் நோய் உண்டு" என்று நாடெங்கும் மக்கள் கருதினார்கள். மீன் வாங்குவோர் குறைந்தனர், மீனவர் குடும்பங்கள் துன்புற்றன. அவ்வாண்டு நவம்பரில் முன்னாள் அமைச்சர் ஒருவர் ஊடகவியலாளர் முன் பச்சை மீனைக் கடித்துக் காட்டவேண்டிய நிலையும் வந்தது. உண்மையில் நோய் பரவியது நெருக்கமாக நின்று தொழில் செய்த மனிதரிடையே. சமைத்த மீனால் ஆபத்தில்லை என்று வைத்தியர்கள் சொன்னபோது, பலர் நம்பத் தயங்கினார்கள். ஏற்கனவே பலமுறை மாறிய உரையைக் கேட்டவர்களல்லவா?

உணவு பற்றிய அறிஞர் அறிவுரைகளிற் பெரும்பகுதி இத்தகைய கருதலே என்பது இங்கு உணரவேண்டியது. முயலில் கண்டதைக்கொண்டு மனிதனை ஊகித்தார்கள். ஒரு சத்தில் கண்டதைக்கொண்டு முழு உணவையும் ஊகித்தார்கள். மனிதரை அடைத்துவைத்து இருபது ஆண்டுகள் ஒரே உணவைக் கொடுத்துச் சோதிக்க எவராலும் முடியாது. ஆகவே ஊகம் தவிர்க்க முடியாதது. பிழை ஊகித்ததில் இல்லை. ஊகத்தை ஆப்தவாக்கியம் போல உறுதியாக உரைத்ததிலேயே பிழை இருந்தது. "இப்படி இருக்கலாம் என்று எண்ணுகிறோம்" என்று சொல்லியிருக்க வேண்டியதை, "இப்படித்தான்" என்று சொன்னார்கள். பத்திரிகையும் விளம்பரமும் அதை இன்னும் உரத்துச் சொல்லின.

உரைப்பவர் நம்பத்தக்கவராயிருத்தல் வேண்டும் என்பது உரையளவைக்கு இன்றியமையாத விதி. இவ்விதியும் சிலவேளை மீறப்பட்டது. 1967இல் புகழ்பெற்ற மருத்துவ இதழொன்றில், இதய நோய்க்குக் கொழுப்பையே முக்கிய காரணமாகக் காட்டிச் சீனியின் பங்கைக் குறைத்துக் கூறிய கட்டுரை வெளிவந்தது. அதை எழுதிய ஹார்வர்ட் ஆய்வாளருக்கு அமெரிக்கச் சீனித் தொழிலாளரல்ல, சீனி முதலாளிகளின் அமைப்பே பணம் கொடுத்திருந்தது என்பது 2016இல் பழைய ஆவணங்களிலிருந்து வெளிப்பட்டது. ஆசை புகுந்த இடத்தில் உரை கெடும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

பாட்டி சொன்னதே போதுமா?

"அப்படியானால் முன்னோர் சொன்னதையே பிடித்துக்கொள்வோம், அதுதான் மாறாதது" என்பார் உளர். இதில் பெரும் உண்மை உண்டு. குரக்கன், தவிட்டரிசி, வல்லாரை, முருங்கையிலை, பயறு, தயிர் என்று முன்னோர் உண்டவற்றை இன்று விஞ்ஞானம் புகழ்கின்றது. தாய்ப்பாலின் கதையும் அவ்வாறே. ஒரு காலத்தில் புட்டிப்பாலே நாகரிகம் என்று பரப்பப்பட்டது. அதன் தீமைகள் தெரிந்தபின் 1981இல் உலக நாடுகள் புட்டிப்பால் விளம்பரத்திற்கு எதிரான விதிக்கோவையை ஏற்றன. இலங்கையில் 2016இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 வீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே அருந்தினர். உலகம் வியக்கும் வெற்றி இது.

ஆயினும் அதே தாய்ப்பாலிலேயே மறுபக்கமும் உண்டு. பிள்ளை பிறந்தவுடன் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைத் தீட்டென்றும் செரியாதென்றும் பீய்ச்சி ஊற்றிவிடும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. அதுவும் முன்னோர் வழக்கமே. அச்சீம்பாலில்தான் குழந்தையை நோயிலிருந்து காக்கும் சக்தி செறிந்துள்ளது என்பதை எடுத்துச் சொல்லி, அவ்வழக்கத்தை மாற்றியவர்கள் வைத்தியர்களும் வீடு வீடாகச் சென்ற மருத்துவமாதருமே. பழையது என்பதால் மட்டும் ஒன்று சரியாகிவிடாது, புதியது என்பதால் பிழையாகிவிடவும் மாட்டாது.

இன்னொன்றையும் எண்ணவேண்டும். முன்னோர் உண்ட சோற்றின் அளவு, வயலில் உழுதவனுக்குரிய அளவு. 2008இல் வெளியான நாடளாவிய ஆய்வொன்று, இலங்கையின் பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு என்றும், நகரங்களில் அது இன்னும் அதிகம் என்றும் காட்டியது. தாத்தாவின் கோப்பையைப் பேரன் வைத்துக்கொண்டு, தாத்தாவின் மண்வெட்டியை மட்டும் கைவிட்டால் முன்னோர் நெறி காக்கப்பட்டதாகாது.

சலிப்பு கொண்டுபோய் விடும் இடம்

அறிஞரை நம்பாதவன் எவரையும் நம்பாமல் இருந்துவிடுவதில்லை. அவன் வேறொருவரை நம்பத் தொடங்குகிறான். இதுவே சலிப்பிலுள்ள பேராபத்து.

2020 டிசம்பரில் கேகாலைப் பகுதியில் ஒருவர், கொவிட் நோயைத் தீர்க்கும் பாணி தன்னிடம் உண்டென்றும் அதன் செய்முறை காளி அம்மன் அருளியதென்றும் அறிவித்தார். ஆயிரக்கணக்கானோர் இடைவெளியின்றித் திரண்டனர். அன்றைய சுகாதார அமைச்சரும் ஊடகங்களின் முன் அதை அருந்தினார். அடுத்த மாதமே அவருக்குத் தொற்று உறுதியாகியது. வைத்தியர் உரை மாறுகிறதென்று குறைசொன்ன மக்கள், ஒரே இரவில் முளைத்த உரையைக் கேள்வியின்றி ஏற்றார்கள். அவ்வுரை மாறவில்லை என்பது மெய்யே. பிழையென்று தெரிந்தபின்னும் மாறாத உரை எப்படி உயர்ந்ததாகும்? தெய்வத்தின் திருப்பெயர் சொல்லப்பட்டதால் மட்டும் ஒரு மருந்து மருந்தாகிவிடாது. பக்தியுள்ளவனே இதில் கூடுதலாக விழிப்பாயிருக்க வேண்டும்.

கச்சான் பற்றிய தவறைக் கண்டுபிடித்தவர் யார்? வைத்தியர்களே. டிரான்ஸ் கொழுப்பின் தீமையைக் காட்டியவர்? ஆய்வாளர்களே. சீனிப் பணத்தை வெளிப்படுத்தியவரும் ஆய்வாளரே. தன் பிழையைத் தானே தேடிப் பிடித்து, ஆண்டும் காரணமும் கூறி வெளியிடும் ஒழுக்கம் எந்தத் துறையில் உண்டோ, அத்துறையை முற்றாகத் தள்ளிவிடுதல் அறிவாகாது.

மாறாதவை

மாறியவற்றின் இரைச்சலில் மாறாதவை செவியில் விழுவதில்லை. மரக்கறியும் பழமும் இலைக்கறியும் பருப்பும் நிறைய வேண்டும் என்பது மாறவில்லை. நாளுக்கு 400 கிராம் மரக்கறியும் பழமும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டியளவுக்குள், இருக்கவேண்டும் என்பதும், சீனி குறையவேண்டும் என்பதும், உடல் அசையவேண்டும் என்பதும் மாறவில்லை. இலங்கைச் சுகாதார அமைச்சு 2011இலும் 2021இலும் வெளியிட்ட உணவு வழிகாட்டிகளை அருகருகே வைத்துப் பார்த்தாலும் அடிப்படை ஒன்றே. வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் கூறியதும் அதுவே: முன்னர் உண்டது செரித்தபின், பசியறிந்து, அளவறிந்து உண்ணவேண்டும். அவர் எந்தப் பண்டத்தையும் பெயர் சொல்லிப் புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை. அதனாலேயே அவர் உரை பழுதாகவில்லை.

2020 நவம்பரில் பேலியகொடையில் திறக்கப்பட்ட புதிய மெனிங் சந்தைக்கு நாட்டின் நாலாபக்கத்திலிருந்தும் மரக்கறி வந்து இறங்குகின்றது. உண்ணவேண்டியது எது என்ற ஐயத்தில் நிற்பவருக்கு விடையின் பெரும்பகுதி அந்த மூட்டைகளிலேயே இருக்கின்றது. ஆனால் கீரையைப் பற்றி எவரும் பரபரப்பாக எழுதுவதில்லை. மாறாத உண்மை செய்தியாவதில்லை.

இருவர் கடமை

உரைப்போர் தங்கள் உரையின் உறுதி எவ்வளவு என்பதையும் சேர்த்தே உரைக்க வேண்டும். தெரிந்ததைத் தெரிந்ததாகவும், ஊகித்ததை ஊகமாகவும் சொல்லவேண்டும். எவர் பணத்தில் ஆராய்ந்தார்கள் என்பதை மறைக்கக்கூடாது. மாற்றும்போது ஏன் மாற்றினோம் என்று மக்களுக்குப் புரியும் மொழியில் விளக்கவேண்டும். அம்மியில் தேங்காய் அரைக்கும் ஏழைத் தாயைக் குற்ற உணர்வுக்கு ஆளாக்குமுன் ஒன்றுக்கு இருமுறை சிந்திக்கவேண்டும்.

கேட்போருக்கும் கடமை உண்டு. ஒரு பண்டத்தை அமுதமென்றோ நஞ்சென்றோ கூறும் உரை எதுவாயினும் அதை ஐயுறவேண்டும். பல காலம், பல நாட்டார், பல வழியால் ஆராய்ந்து ஒன்றுபட்டுக் கூறுவதை ஏற்கவேண்டும். நீரிழிவோ குருதி அமுக்கமோ உள்ளவர், உலகத்துக்குச் சொன்ன பொது உரையை விட்டுத் தம் உடலைச் சோதித்த வைத்தியரின் சொல்லைக் கேட்கவேண்டும். பத்திரிகையில் ஒரு செய்தி வந்ததென்று மருந்தை நிறுத்துவது தற்கொலைக்கு ஒப்பாகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, உணவைப் பயத்தோடு உண்ணாதிருக்க வேண்டும். ஒவ்வொரு கவளத்திலும் நோயைக் காண்பவன், அளவின்றி உண்பவனைப் போலவே உணவுக்கு அடிமையானவன். இருவருக்கும் சிந்தனை முழுவதும் வயிற்றிலேயே இருக்கின்றது. விரத நாளில் ஒருவேளை உண்டும், திருவிழா நாளில் அன்னதானப் பந்தியில் மற்றவரோடு அமர்ந்து உண்டும் பழகிய அடியவருக்கு, உண்பதும் விடுவதும் ஆகிய இரண்டிலும் பயிற்சி உண்டு. அந்தப் பயிற்சியின் பயனே அளவு. நாளை அறிஞர் உரை மீண்டும் மாறலாம். அளவறிந்து உண்டவனுக்கு அந்த மாற்றத்தால் பெரிதும் நட்டம் வராது.

எல்லாம் வல்ல இறைவன் அடியார் அனைவருக்கும் நோயற்ற வாழ்வும், கேட்டதைப் பகுத்தறியும் தெளிவும் அருள்வானாக.

சுபம்.